ஓடுகிற ஆப்பைப் பார்த்து உங்கள் ஊரில் ஒன்று தொடங்குவது எப்படி: எடுக்கக்கூடியதும் தொடக்கூடாததும்

"அண்ணே, ஸ்விக்கி மாதிரி நம்ம ஊருக்கு ஒண்ணு பண்றேன். ஸ்கிரிப்ட் பேசி அட்வான்ஸும் கொடுத்துட்டேன்." எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். ஸ்கிரிப்ட் என்றால் பெயரை மாற்றி ஏற்றிக்கொள்ளும்படி ரெடிமேடாக விற்கும் ஆப் நிரல். அட்வான்ஸ் கொடுத்த பிறகு நான் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சம் இருக்காது.

காவிரிக் கரையோரம் ஒரு தாலுகா ஊரில் சாப்பாடு டெலிவரி நடத்துகிறேன். யோசனை என்னுடையது இல்லை. பார்த்துச் செய்ததுதான், அதை மறைக்கவும் இல்லை. எனக்குப் பிறகு சுற்று வட்டாரத்தில் இதே வேலையில் இறங்கிய சிலரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாரும் சோம்பேறி இல்லை. வேலைகளின் வரிசைதான் தப்பியது. கடைசியில் வர வேண்டிய ஆப்பை முதலில் வாங்கிவிட்டார்கள்.

கீழே சொல்வது சாப்பாடு டெலிவரியை வைத்து. ஆட்டோ, பிளம்பர், மளிகை என்று எதை எடுத்தாலும் வரிசை இதேதான்.

0. கையில் இருக்க வேண்டியவை

ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணம், தொழில் பணத்திலிருந்து தனியாக. ஜிஎஸ்டி தெரிந்த ஆடிட்டர் ஒருவர். ஊரில் எல்லா ஹோட்டல் முதலாளியையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரு ஆள். அந்த ஆள் நீங்களே என்றால் இன்னும் நல்லது. கம்ப்யூட்டர் படித்தவர் இப்போதைக்குத் தேவையில்லை.

1. அசல் ஓடும் இடத்தில் போய் நில்லுங்கள்

அந்த ஆப் நன்றாக ஓடுகிற பக்கத்து நகரத்துக்குப் போய் இரண்டு நாள் தங்குங்கள். ஆர்டர் போட்டுச் சாப்பிட்டுப் பார்த்தால் மட்டும் போதாது. ராத்திரி எட்டு மணிக்குக் கூட்டம் நெரிகிற பிரியாணிக் கடை வாசலில் நில்லுங்கள். ஆர்டர் வந்ததும் கல்லாவில் யார் பார்க்கிறார், மாஸ்டருக்கு எப்படிச் சொல்கிறார்கள், ரைடர் எத்தனை நிமிடம் காத்திருக்கிறார், சால்னாவை எதில் கட்டுகிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

போன் திரையில் தெரிவது இந்தத் தொழிலில் கால் பங்குகூட இல்லை. அதை மட்டும் பார்த்தவர், ஆர்டர் வந்து 25 நிமிடம் ஆகியும் ஹோட்டல்காரர் கவனிக்கவே இல்லை என்ற பிரச்சினையைத் திறப்பு விழா அன்றுதான் முதன்முதலில் சந்திப்பார்.

கடைக்காரர்களிடம் பேச்சுக் கொடுங்கள். அவர்களுடைய புகார்களில்தான் உங்களுக்கான இடம் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் இந்திய தேசிய உணவக சங்கம், ஆப்களின் தள்ளுபடித் திட்டங்களை எதிர்த்து 'லாக் அவுட்' போராட்டம் நடத்தியது. 2025 ஜூலையில் நாமக்கல் ஹோட்டல்காரர்கள் கமிஷன் கட்டுப்படியாகவில்லை என்று பெரிய ஆப்களுக்கு உணவு தருவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு அதே கமிஷனோடு ஒரு ஆப் தொடங்கினால் யாருக்கு என்ன லாபம்?

பார்ப்பதற்கும் ஒரு எல்லை உண்டு. பொய் ஆர்டர் போட்டு ரத்து செய்வது, வேலைக்குச் சேர்ந்து கடைப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வருவது, உள்ளே இருப்பவருக்குப் பணம் கொடுத்து எக்ஸெல் ஷீட் வாங்குவது, இதெல்லாம் பார்ப்பதில் சேராது.

2. ஒரே ஒரு ஆர்டருக்குக் கணக்குப் போடுங்கள்

மாத வருமானம், வருட வளர்ச்சி எல்லாம் பிறகு. ஒரு துண்டுச் சீட்டில் ஒரு ஆர்டரை எழுதுங்கள்.

சாப்பாடு 240 ரூபாய் என்று வைப்போம். கடைக்காரர் தரும் கமிஷன் 15 சதவீதம், அதாவது 36 ரூபாய். வாடிக்கையாளர் தரும் டெலிவரி கட்டணம் 25. கைக்கு வருவது 61. ரைடருக்கு 35 போகும். ஆன்லைனில் பணம் வாங்கும் செலவு 5 ரூபாய், எஸ்எம்எஸ், மேப் எல்லாம் சேர்த்து 2. மிச்சம் 19 ரூபாய்.

போன் எடுக்க இரண்டு பேர், சின்ன அறை வாடகை, சர்வர் என்று மாதம் 40,000 ஆனால், அதை எட்டவே 2,100 ஆர்டர் வேண்டும். ஒரு நாளைக்கு 70. உங்கள் ஊரில் ஒரு நாளைக்கு 70 வீடு வெளியே வாங்கிச் சாப்பிடுமா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

முதல் ஆர்டருக்கு 50 ரூபாய் தள்ளுபடி என்று நோட்டீஸ் அடிப்பவர்கள் இந்தச் சீட்டைப் பார்ப்பதே இல்லை. ஒரு கூப்பன் கிட்டத்தட்ட மூன்று ஆர்டரின் மிச்சத்தைத் தின்றுவிடும். பெரிய நிறுவனம் அதை முதலீட்டாளர் பணத்தில் செய்கிறது. நீங்கள் மச்சினன் கொடுத்த பணத்தில் செய்வீர்கள்.

3. உங்கள் ஊரில் எது வேறு என்று எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் அதிகம். அப்படியே எடுத்து வைத்த நகல், அசல் வந்த அன்றே செத்துப்போகும். எடுத்ததில் எதையாவது மாற்றியவர்கள்தான் நின்றிருக்கிறார்கள்.

பிளிப்கார்ட்டைத் தொடங்கிய இருவரும் அமேசானில் வேலை பார்த்தவர்கள். 2007-ல் அதே மாதிரி புத்தகம் விற்றுத்தான் ஆரம்பித்தார்கள். ஆனால் கார்டு இல்லாத நாட்டில் கார்டை நம்ப முடியாது என்று 2010-ல் பொருள் கைக்கு வந்ததும் காசு கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஓலா 2014-ல் ஆட்டோவைச் சேர்த்தது. அமெரிக்காவில் இருந்து வந்த அசலான ஊபருக்கு ஆட்டோ என்ற யோசனையே முதலில் கிடையாது.

சீனாவின் வாங் சிங் கதை எனக்குப் பிடித்தது. 2005-ல் பேஸ்புக் மாதிரி ஒன்று செய்து விற்றார். 2007-ல் டுவிட்டர் மாதிரி ஒன்று. அது 2009-ல் மூடப்பட்டது. 2010-ல், தள்ளுபடிக் கூப்பன் விற்கும் அமெரிக்க குரூப்பான் மாதிரி மெய்துவான். கூப்பன் வாங்கிப் பயன்படுத்தாமல் காலாவதியானால் பணம் திரும்ப வரும் என்று அறிவித்தார். அசல் குரூப்பான் 2011-ல் டென்சென்ட் என்ற பெரிய சீன நிறுவனத்தைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சீனாவுக்குள் வந்தும் நிற்க முடியவில்லை. மெய்துவான் பிறகு சாப்பாடு டெலிவரிக்கு மாறி 2018-ல் ஹாங்காங் பங்குச் சந்தைக்கே போய்விட்டது.

நமக்கு வருவோம். எங்கள் ஊரில் நான் எழுதிய முதல் வித்தியாசம் பண செட்டில்மென்ட். பெரிய ஆப் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறைதான் கணக்கு முடிக்கும். எங்கள் ஊர்ப் பரோட்டாக் கடைக்காரர் இன்றைய கல்லாவை எடுத்துக்கொண்டுதான் நாளைக்கு மைதாவும் கறியும் வாங்கப் போகிறார். வாரக் கணக்கு அவருக்கு ஒத்துவராது. அதனால் கடை மூடும்போது அன்றைய பணத்தை யுபிஐ-யில் போட்டுவிடுவேன். கமிஷனில் நான் பெரிதாக எதையும் குறைக்கவில்லை. இந்த ஒரே காரணத்துக்காகச் சேர்ந்த கடைகள்தான் முக்கால்வாசி.

இரண்டாவது, காலண்டர். புரட்டாசியில் பிரியாணி ஆர்டர் படுத்துவிடும். கார்த்திகையில் மாலை போட்டவர் வீட்டில் யாரும் அசைவம் கேட்க மாட்டார்கள். பெரிய முகூர்த்தம் என்றால் ஊரே மண்டபத்தில் சாப்பிடும். இதைத் தெரியாமல் புரட்டாசி முதல் வாரம் திறந்த ஒரு தம்பி, ஆப்பில்தான் ஏதோ கோளாறு என்று டெவலப்பரோடு பதினைந்து நாள் சண்டை போட்டார்.

மூன்றாவது, விலாசம். எங்கள் ஊரில் வீட்டு எண்ணை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. 'காளியம்மன் கோயிலுக்குப் பின்னாடி, பச்சை கேட்' என்றால் முடியும். அதற்கு ஒரு பெட்டி வேண்டும். பெரிய ஆப்பின் திரையை அப்படியே எடுத்தவர்கள் மேப் புள்ளியையே நம்பி, ரைடரைக் குளத்துக்கு நடுவில் அனுப்பினார்கள்.

4. எடுக்கலாமா, கூடாதா: கோடு எங்கே

சட்டத்தில் இருந்து தொடங்குகிறேன். அதுதான் எளிது. ஒரு யோசனைக்குக் காப்புரிமைச் சட்டத்திலும் பதிப்புரிமைச் சட்டத்திலும் வேலி கிடையாது. நம் 1970-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, வணிக முறைக்கும் வெறும் கணினி நிரலுக்கும் காப்புரிமை இல்லை என்கிறது. அமெரிக்கா அப்படி இல்லை. ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு அமேசான் 1999-ல் காப்புரிமை வாங்கி, அடுத்த மாதமே பார்ன்ஸ் அண்ட் நோபிள் மேல் வழக்குப் போட்டது. வெளிநாட்டில் கடை விரிப்பதாக இருந்தால் அந்த நாட்டு வக்கீலைப் பாருங்கள்.

ஆனால் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நிரலை இலக்கியப் படைப்பு மாதிரியே பாதுகாக்கிறது. படம், எழுத்து, லோகோ எல்லாம் அதற்குள் வரும். ஆகவே ஹோட்டலையும் ரைடரையும் இணைக்கும் முறையை எடுக்கலாம். அவர்கள் எழுதிய வரியை, எடுத்த படத்தை, சேர்த்து வைத்த விமர்சனங்களை எடுக்கக்கூடாது.

இதற்கு மேல், சட்டம் தொடாத இடம் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் 2005-ல் வந்த ஸ்டுடிஃபாட்செட் அப்படியே பேஸ்புக்தான், நீலத்துக்குப் பதில் சிவப்பு. பேஸ்புக் போட்ட வழக்கை கொலோன் நீதிமன்றம் 2009-ல் தள்ளியது. பிறகு இரு தரப்பும் சமரசமானார்கள். கோர்ட்டில் தப்பித்தது, ஆனால் உறுப்பினர்கள் அசலுக்கே போய்விட்டார்கள்.

நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான். நான் எடுத்த பொருளை, அதைச் செய்தவர் முன்னால் மேஜையில் வைத்து, "உங்களைப் பார்த்துத்தான் செய்தேன்" என்று சொல்ல முடியுமா? 2016-ல் இன்ஸ்டாகிராம் ஸ்டோரீஸ் வந்தபோது, அதன் நிறுவனர்களில் ஒருவரான கெவின் சிஸ்ட்ரம் இதன் பெருமை ஸ்னாப்சாட்டுக்கே என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படிச் சொன்னதால் ஸ்னாப்சாட்டுக்கு வந்த நஷ்டம் குறையவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் சொல்ல முடிந்தது. மெனு படத்தைத் திருடியவரால் அப்படிச் சொல்ல முடியாது.

5. பெயரில் ஒட்டிக்கொள்ளாதீர்கள்

'ஸ்விக்' என்று தொடங்கும் பெயர், அதே ஆரஞ்சு, அதே வடிவப் பை. கேட்டால், "பார்த்ததும் ஜனங்களுக்குப் புரியணும்ணே" என்பார்கள். அந்தக் குழப்பத்தைத்தான் சட்டம் பிடிக்கிறது.

1999-ல் டில்லி உயர் நீதிமன்றம் 'யாஹூ இந்தியா' என்ற இணைய முகவரியைத் தடுத்தது. 2004-ல் உச்ச நீதிமன்றம், சிஃபி என்ற இணைய நிறுவனத்தின் பெயரைப் போலவே ஒலித்த 'சிஃபிநெட்' வழக்கில், இணைய முகவரிக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. எழுத்து மாற்றினேன் என்ற சமாதானம் எடுபடாது. காதில் ஒரே மாதிரி விழுந்தாலே போதும்.

டிரேட்மார்க் பதிவேட்டின் இணையதளத்தில் தேடுங்கள், காசு கிடையாது. 9, 35, 39, 43 ஆகிய வகுப்புகளில் பாருங்கள்: ஆப், ஆன்லைன் விற்பனை, போக்குவரத்து, உணவு. பெயர் காலியாக இருந்தால் போஸ்டர் அடிப்பதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். பெயர்ப் பலகையும் டி-ஷர்ட்டும் அடித்த பிறகு நோட்டீஸ் வந்தால், அத்தனையும் பழைய பேப்பர் கடைக்குத்தான்.

6. நாற்பது நாள் ஆப் இல்லாமல் ஓட்டுங்கள்

ஒரு வாட்ஸ்அப் பிசினஸ் எண், ஐந்து கடை, இரண்டு பைக், ஒரு நீள நோட்டு. இவ்வளவுதான். மெனுவைப் படமாக அனுப்புங்கள், ஆர்டரைக் கையால் எழுதுங்கள், கடைக்கு நீங்களே போன் செய்யுங்கள்.

நாற்பது நாளில் அந்த நோட்டு சொல்லும் விஷயத்தை எந்த ஆலோசகரும் சொல்ல மாட்டார். எங்கள் நோட்டில் மதியம் பன்னிரண்டுக்கு முன் தாலுகா ஆபீசும் வங்கிகளும்தான் ஆர்டர் போட்டன. ஒரே சீட்டில் எட்டுப் பேர் சாப்பாடு, ஆளுக்கு ஒரு பில். நான் பார்த்த ஸ்கிரிப்ட் எதிலும் இந்த 'ஆளுக்கு ஒரு பில்' கிடையாது. தெரிந்துகொண்ட பிறகு வாங்கியதால், அதைக் கேட்டுச் சேர்க்க முடிந்தது.

ஒரு நாளைக்கு இருபது ஆர்டர் கையால் வரவில்லை என்றால் ஆப் போட்டாலும் வராது. அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், நஷ்டம் சில ஆயிரத்தோடு போகும்.

7. ஸ்கிரிப்ட் வாங்குவது

சரி, இப்போது ஆப். சென்னையிலும் மதுரையிலும் 'குளோன் ஸ்கிரிப்ட்' விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. ஊபர், ஏர்பிஎன்பி, உணவு டெலிவரி என்று பெயர் போட்டே விற்பார்கள். வாங்குவது தப்பில்லை. அவர்களே எழுதிய நிரலை உங்களுக்கு உரிமம் கொடுத்து விற்கிறார்கள் என்றால் அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

ஆனால் வாங்கியதை அப்படியே ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு மித்ரோன் ஆப்பைப் பாருங்கள். 2020-ல் டிக்டாக்குக்கு இந்தியப் பதில் என்று பெரிதாகப் பரவியது. பிறகு பார்த்தால், பாகிஸ்தான் நிறுவனம் ஒன்று 34 டாலருக்கு விற்ற ஸ்கிரிப்ட்டில் பெயரை மாற்றி ஏற்றியது என்று செய்தி வந்தது. விற்றவர் குறை சொன்னது விற்பனையைப் பற்றி இல்லை. பெரிதாக எதுவும் மாற்றாமலே ஏற்றியதைத்தான். கூகுள் அதை பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. சரிசெய்த பிறகுதான் திரும்ப வந்தது. ஆப்பிளின் விதிகளிலும் நகல் ஆப்களுக்கென்று தனியாக 4.1 என்ற பிரிவே இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியவற்றை அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

பிளே ஸ்டோர் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். ஒருமுறை 25 டாலர், அவ்வளவுதான். 'நாங்களே போட்டுத் தருகிறோம்' என்று விற்றவர் கணக்கில் ஏற்றிவிட்டால், வாடிக்கையாளர் இறக்கியது அவருடைய ஆப். ஆப்பைக் கையெழுத்திடும் கீ ஃபைலையும் (ஆப் உங்களுடையது என்று காட்டும் டிஜிட்டல் சாவி) கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

ஆப்பின் பின்னணியில் ஓடும் கூகுள் சேவையான ஃபயர்பேஸ் கணக்கும் அப்படித்தான். அறிவிப்புகளும் பல நேரம் வாடிக்கையாளர் விவரங்களும் அதில்தான் உட்கார்ந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் விற்றவரோடு பில் தகராறில் இறங்கினார். மறுநாள் காலையில் எந்த ரைடர் போனும் அடிக்கவில்லை. பூட்டியது யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

நிரலுக்குள் யாருடைய கூகுள் மேப் கீ (மேப் சேவைக்கான கணக்குச் சாவி) இருக்கிறது என்று பாருங்கள். விற்றவருடையது இருந்தால் டெமோவில் அழகாக ஓடும். பல ஊர்களில் அதே கீ ஓடி பில் ஏறியதும் அவர் நிறுத்துவார். உங்கள் மேப் சாம்பல் நிறமாகிவிடும். அட்மின் பாஸ்வேர்டு டெமோவில் இருந்ததேவா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், '123456' வைத்தே மூன்று மாதம் ஓட்டியவரை எனக்குத் தெரியும்.

இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல நிரலை எடுப்பதாக இருந்தால் உரிமத்தைப் படியுங்கள். ஏஜிபிஎல் உரிமம் என்றால், நீங்கள் மாற்றி இணையத்தில் ஓட்டும் நிரலைப் பயனாளர்களுக்கும் திறந்து தர வேண்டும். இலவசம் என்றதும் இந்த ஒரு வரியை யாரும் படிப்பதில்லை.

8. பதிவுகள்

இதை ஆடிட்டரிடம் விடுங்கள், ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போங்கள். 'விற்பனை குறைவு, அதனால் ஜிஎஸ்டி வேண்டாம்' என்ற கணக்கு இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது. 2022 ஜனவரி 1 முதல் ஆப் வழியாகப் போகும் ஹோட்டல் சாப்பாட்டின் ஜிஎஸ்டியைக் கட்ட வேண்டியது பெரும்பாலும் தளம்தான், கடை இல்லை. அதை லாபம் என்று நினைத்துச் செலவழித்துவிட்டு மாதக் கடைசியில் முழித்தவர்கள் உண்டு. எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் உங்களுக்கும் வேண்டும். சேரும் ஒவ்வொரு கடையின் உரிமம் அல்லது பதிவு எண்ணையும் முதல் நாளே வாங்குங்கள்.

9. கேட்காமல் எந்தக் கடையையும் போடாதீர்கள்

ஆப் காலியாகத் தெரியக்கூடாது என்று ஊரில் உள்ள எல்லாக் கடை மெனுவையும் ஏற்றிவிடுவது பழைய தந்திரம். பெரியவர்களும் செய்ததுதான். 2015-ல் அமெரிக்காவின் இன்-அண்ட்-அவுட் பர்கர் நிறுவனம் அனுமதியில்லாமல் தன் பெயரைப் போட்டதற்கு டோர்டாஷ் என்ற டெலிவரி ஆப் மேல் வழக்குப் போட்டது. கலிபோர்னியாவில் 2021 முதல் கடையோடு ஒப்பந்தம் இல்லாமல் டெலிவரி செய்யக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது.

சட்டத்தை விடுங்கள். விலை பழசாக இருக்கும், கடைக்காரர் கொடுக்க மாட்டார், திட்டு இருவருக்கும் விழும். ஒரு தம்பி பெரிய ஆப்பிலிருந்து பிரியாணிப் படத்தை எடுத்துப் போட்டார். வாடிக்கையாளர் போன் செய்து, "படத்துல முட்டை இருக்கே, எங்க?" என்றார். அந்தக் கடை முட்டையே வைப்பதில்லை.

படங்களை நீங்களே எடுங்கள். மதியம் மூன்று மணிக்குக் கடை ஓய்ந்திருக்கும். வாசல் வெளிச்சத்தில், அவர்கள் பரிமாறும் தட்டிலேயே. கூடவே ஒரு பக்க ஒப்பந்தம் தமிழில்: கமிஷன் எவ்வளவு, பணம் எப்போது, சாப்பாடு கொட்டினால் யார் பொறுப்பு.

10. அசல் உங்கள் ஊருக்கு வரும்போது

'அவங்க வந்தா நம்மளை வாங்கிக்குவாங்க' என்ற நம்பிக்கையில் தொடங்காதீர்கள். பெர்லினின் சாம்வர் சகோதரர்கள் 1999-ல் ஈபே ஏலத் தளம் மாதிரி அலாண்டோவைத் தொடங்கி, சுமார் நூறு நாளில் ஈபேயிடமே நான்கு கோடி டாலருக்கு மேல் விற்றார்கள். 2010-ல் குரூப்பான் மாதிரி செய்த சிட்டிடீலைக் குரூப்பானிடமே விற்றார்கள். எல்லோரும் சொல்லும் கதை இது. 2011-ல் ஏர்பிஎன்பி மாதிரி வந்த விம்டுவும் அவர்களுடைய ராக்கெட் இன்டர்நெட் உருவாக்கியதுதான். ஒன்பது கோடி டாலர் முதலீடு வந்தது, ஏர்பிஎன்பி வாங்கவில்லை. 2018-ல் மூடிவிட்டார்கள். இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை.

பெரியவர் வந்தால் தள்ளுபடியில் போட்டி போடாதீர்கள், இரண்டாவது படியின் சீட்டை எடுத்துப் பாருங்கள். எங்கள் ஊருக்கு வந்தபோது முதல் மாதம் எங்களுக்குப் பாதி ஆர்டர் போனது. ராத்திரி செட்டில்மென்ட்டை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. தாலுகா ஆபீஸ் பில்களும் அப்படியே இருந்தன. அவை போதுமாக இருந்தன.

அப்புறம், உங்களையும் ஒருவர் பார்த்துச் செய்வார். போன வருடம் பக்கத்து ஊரில் ஒரு ஆப் வந்தது. ராத்திரிப் பணம், பச்சை கேட் பெட்டி, ஆளுக்கு ஒரு பில், எல்லாம் இருந்தது. அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் மெனுவில் கொத்துப் பரோட்டா படத்தில், ஓரம் நசுங்கிய எவர்சில்வர் தட்டு. எங்கள் பஸ் ஸ்டாண்ட் கடைத் தட்டு அது, படம் நான் எடுத்தது. தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு போன் செய்தேன். "தம்பி, அந்தப் படத்தை மட்டும் எடுத்துடுப்பா" என்றேன். சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, புரட்டாசியில் எப்படிச் சமாளிப்பது என்று கேட்டார்.